தண்டவாளத்தில் நின்ற வண்டி

"வேணாம்மா. நீ ஓட்டினா வண்டி நின்னுடும். அப்பா வரட்டும்" என்றாள் மகள், ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே.

கோபமாகச் சொல்லவில்லை, பயந்தும் சொல்லவில்லை. வெளியே மழை, குடை எடுத்துக்கொள் என்பதுபோல ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் சுருக்கென்று தைத்தது. குழந்தை பயந்து அழுதிருந்தால் தூக்கி மடியில் வைத்துச் சமாதானம் சொல்லியிருக்கலாம். இது சமாதானத்துக்கெல்லாம் அப்பாற்பட்ட பேச்சு. அம்மா ஓட்டினால் வண்டி நிற்கும் என்பது ஒன்பது வயதுப் பிள்ளைக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடமாகிவிட்டது. தோழியின் பிறந்தநாளுக்குப் போகிற பரபரப்பில் மகள் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தாள். கணவன் சட்டையை மாட்டியபடி வந்து, குழந்தை சொன்னதைக் கேட்டும் கேட்காதவனாக, ஃபிரிட்ஜ் மேலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போனான். போகிற போக்கில் ஒரு சின்னச் சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள் அவள்.

நடந்தது இதுதான். போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. நல்ல வெயில். எஞ்சினை அணைக்காமல், ஏசியும் ஓட, வரிசையில் நெடுநேரம் நின்றார்கள். ரயில் போய், கேட் திறந்து, முன்னால் போகிற வண்டியை ஒட்டி மெதுவாக ஊர்ந்துபோய், சரியாகத் தண்டவாளத்தின் மேல் ஏறியபோது வண்டி நின்றது. குலுங்கவில்லை, திக்கவில்லை. யாரோ சுவிட்சைத் தட்டி அணைத்ததுபோல் நின்றது. சாவியைத் திருகத் திருக ஸ்டார்ட்டர் சுற்றியதே தவிர எஞ்சின் பிடிக்கவில்லை. பின்னால் ஹாரன்கள். கேட்காரர் பச்சைக்கொடியைச் சுருட்டி அதாலேயே அடிக்க வருகிறவர் மாதிரி கத்திக்கொண்டு ஓடி வந்தார். அடுத்த ரயிலுக்கு மணி அடிக்கத் தொடங்கியது. பின் இருக்கையில் "அம்மா, என்ன எறக்கி விடு, எறக்கி விடு" என்று மகள் போட்ட கூச்சல் இன்னும் அவள் காதில் இருக்கிறது. ஒரு லாரிக்காரரும் சைக்கிளில் வந்த இரண்டு பேரும் சேர்ந்து தள்ளித்தான் வண்டி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. ஓரமாக உட்கார்ந்து, குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்து, மறுபடி சாவியைத் திருகினால், நான் எங்கே நின்றேன் என்று கேட்பதுபோல் வண்டி சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது.

"கிளட்ச்ச விட்டிருப்ப" என்றான் கணவன்.

"கிளட்ச்ச விட்டு நின்னா, மறுபடி திருகின உடனே புடிச்சிருக்காதா?" என்று கேட்டாள்.

வண்டியைப் பெரியப்பாவிடம் கொண்டுபோனார்கள். கணவனின் அண்ணன். மகளுக்குத்தான் பெரியப்பா என்றாலும், காலப்போக்கில் வீட்டுக்கும் தெருவுக்கும் அவர் பட்டறைக்கு வருகிற பாதிப் பேருக்கும் அவர் பெரியப்பாவாகிவிட்டார். கை சுத்தமான மெக்கானிக் என்று பேர். அந்தப் பேரை அவர் கண்ணாடிப் பாத்திரம் போலத் தூக்கிக்கொண்டு நடப்பார். அவர் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. "சூடா இருக்கற எஞ்சின்ல கை வெக்கறவன் மெக்கானிக் இல்ல, மடையன்." எந்த வண்டி வந்தாலும் ராத்திரி பூரா ஆற விடுவார். மறுநாள் காலையில் குளித்து, திருநீறு மாதிரிப் பளிச்சென்று துவைத்த சட்டையோடு வந்துதான் பானெட்டைத் திறப்பார். அப்படித்தான் திறந்தார். தம்பி, எதிர்க் கடைக்காரர், வேறு வண்டிக்காக வந்திருந்த இரண்டு பேர் என்று எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, மல்டிமீட்டரைக் கையில் எடுத்தார்.

"இது கிராங்க் சென்சார். எஞ்சின் சுத்துதா இல்லையான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது இதுதான். இது செத்தா பெட்ரோலும் வராது, பொறியும் வராது, வண்டி பொட்டுன்னு நிக்கும். இப்ப பாருங்க." மீட்டரின் இரண்டு கம்பிகளையும் அதன் பிளக்கில் வைத்தார். "ஐநூத்தி அறுபது ஓம். ஜம்முன்னு இருக்கு." மீட்டரை எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் திருப்பிக் காட்டிவிட்டு அவளைப் பார்த்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எல்லோரும் சிரித்தார்கள். எதிர்க் கடைக்காரர் சற்று அதிகமாகவே சிரித்தார்.

அவள் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறவள். ஃபேன், பம்ப், கிரைண்டர் என்று எரிந்துபோய் வருகிற மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிச் சுற்றியே விரல் நுனிகள் காய்த்துப்போனவள். அந்தச் சென்சாருக்குள்ளும் இருப்பது ஒரு காயில்தான் என்று அவளுக்குத் தெரியும். தலைமுடி மாதிரிக் கம்பி. அது உள்ளுக்குள் எங்காவது விட்டிருந்தால், ஆறின நேரத்தில் நுனியோடு நுனி தொட்டுக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும், சூடேறி விரிந்ததும் பிரிந்துவிடும். அப்படி அவளை ஏமாற்றிய மோட்டார்கள் எத்தனையோ. "மாமா, ஒருவாட்டி சூட்டுல பாருங்க" என்று சொன்னாள். "ஃபேன் வேற, கார் வேறம்மா" என்றார் பெரியப்பா, அன்பாக. அந்த அன்பைத்தான் தாங்க முடியவில்லை. அத்தோடு சாவி ஃபிரிட்ஜ் மேல் ஏறியது. அங்கிருந்து எடுப்பதானால் ஏன், எங்கே என்று சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை, ஆனால் சட்டமாகிவிட்டது. மகளைப் பள்ளிக்கூட வேனில் சேர்த்தார்கள். போன வாரம் உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் ஒருத்தர் "ரயில நிறுத்தின மகாராணி வராங்க, வழி விடுங்க" என்றார். அவளும் சேர்ந்து சிரித்தாள். அப்படிச் சிரித்ததை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கணவன் மகளை விட்டுவிட்டுத் திரும்பி வந்தான். சாவியை அதன் இடத்தில் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போனான். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் அவள் சாவியை எடுத்தாள். அவளுடைய பையில் எப்போதும் கிடக்கிற மஞ்சள் மீட்டரையும், ஒரு பழைய துண்டையும் எடுத்துக்கொண்டாள். சொல்லவில்லை. யாரிடம் என்னத்தைச் சொல்வது?

வண்டியை நன்றாகக் காய வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக ஓட்டினாள். கடைத்தெரு நெரிசலுக்குள் வேண்டுமென்றே புகுந்தாள். ஏசியை முழுசாக வைத்தாள். சிக்னல் சிக்னலாக நின்று, கடைசியில் அதே ரயில்வே கேட்டுக்குப் போனாள். கேட் மூடியிருந்தது. அன்றைக்கு மாதிரியே வரிசை, அன்றைக்கு மாதிரியே வெயில். கேட் திறந்ததும் வண்டியைத் தண்டவாளத்தின் மேல் ஏற்றினாள். "இப்ப நில்லு பாக்கலாம். தைரியம் இருந்தா நில்லு, சனியனே" என்று வாய்விட்டே சொன்னாள். வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கியது. உயிர் பிழைத்ததற்குச் சந்தோஷப்பட வேண்டியவள், பல்லைக் கடித்தாள்.

கேட் தாண்டி, ஒரு மதில் நிழலில் நிறுத்தி பானெட்டைத் திறந்தாள். அனல் முகத்தில் அடித்தது. துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு குனிந்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்திலிருந்து மேலே வருகிற ஒயரைத் தேடிப் பிடித்து பிளக்கைப் பிரித்தாள். மணிக்கட்டில் ஏதோ குழாய் பட்டுச் சுட்டது. மீட்டரை ஓமுக்குத் திருப்பி இரண்டு முனைகளையும் வைத்தாள். அறுநூற்று நாற்பது. ஒயரை ஆட்டினாள், இழுத்தாள், தட்டினாள். எண் அசையவில்லை. செம்பு சூடானால் ஓம் கொஞ்சம் ஏறும், ஏற வேண்டியது ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். நல்ல காயில். அவள் கையாலேயே கட்டியிருந்தாலும் இவ்வளவுதான் காட்டியிருக்கும்.

அப்படியே பம்பரின் மேல் கையூன்றி நின்றாள். அப்படியானால் கிளட்ச்சைத்தான் விட்டேனா? அன்றைக்குக் கால் எங்கே இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். இவ்வளவு நாளும் தெளிவாக இருந்த கால் இப்போது எங்கே இருந்ததென்று தெரியவில்லை. குழந்தையைத் தண்டவாளத்தில் வைத்துக்கொண்டு பதறி வண்டியை நிறுத்தியது நான்தானா? இதைச் சரி என்று ஒப்புக்கொண்டால் எல்லாம் சுலபமாகிவிடும். வேன் ஓடும், சாவி அங்கேயே இருக்கும், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். பிளக்கைத் திரும்ப மாட்டுவதற்காக ஃபோன் விளக்கைப் போட்டு உள்ளே பார்த்தவள், பார்த்தபடியே நின்றாள்.

சுற்றிலும் வருஷக்கணக்கில் எண்ணெயும் புழுதியும் அப்பிக் கருத்துக் கிடந்தது. நடுவில் சென்சார் மட்டும் புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட் பளபளத்தது. ஒயரின் மேலுறையில் ஒரு அழுக்குக் கூட இல்லை. ஒயரை இறுக்கக் கட்டியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கட்டு பெரியப்பா பட்டறைக் கட்டு. வேறு யாரும் இப்படி இரட்டையாகக் கட்டமாட்டார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். பானெட்டுக்குள் மறைப்பதை அன்றைக்குத்தான் பார்த்தாள்.

பட்டறையில் பெரியப்பா ஒரு வண்டியின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் வண்டியிலிருந்து இறங்கிய வேகத்தைப் பார்த்ததும் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"என்னம்மா, மறுபடி நின்னுடுச்சா?"

"இல்ல மாமா. நிக்கவே இல்ல. சென்சார் புதுசா இருக்கே, எப்ப மாத்தினீங்க?"

அவர் முகம் ஒரு கணம் கூட மாறவில்லை. "அதுவா, அன்னைக்கே மாத்திட்டேனே. ரெண்டு வாரம் முன்னால தம்பிக்கு மேம்பாலத்துல நின்னுச்சுல்ல, அன்னைக்குத்தான்" என்றார். சொல்லிவிட்டுத்தான் அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்ததும் விளங்கிவிட்டது. பக்கத்தில் கிடந்த கந்தலை எடுத்து, ஏற்கெனவே துடைத்த கையை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். "தம்பி சொல்லலையா?"

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மேம்பாலத்தில் நின்றிருக்கிறது. அவனிடம் நின்றிருக்கிறது. அவனும் சாவியைத் திருகித் திருகிப் பார்த்திருப்பான், அவனுக்குப் பின்னாலும் ஹாரன் அடித்திருப்பார்கள். கிளட்ச்சை விட்டாயா என்று அவனை யார் கேட்டார்கள்? கேட்க ஒரு நாதியில்லை. சொந்த அண்ணனுக்கு ஃபோன் போட்டிருக்கிறான், அண்ணன் புதுச் சென்சாரோடு ஓடிப் போயிருக்கிறார், இரண்டு பேரும் கைகழுவிவிட்டு வந்து அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். அந்த மகாராணிச் சிரிப்பு அதற்கு முன்னாலா, பின்னாலா? பின்னால். விசேஷம் போன வாரம்தான், நன்றாக ஞாபகம் இருக்கிறது, பின்னால்தான். கணவனும் சிரித்தான்.

"நீங்க சொல்லியிருக்கலாமே மாமா" என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "நாலு பேர நிக்க வெச்சு மீட்டரத் திருப்பிக் காட்டினீங்களே. அதே நாலு பேர்கிட்ட, என் கணக்கு தப்பாப் போச்சு, அவ சொன்னதுதான் சரின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"அதெப்படிம்மா? ஒரு மெக்கானிக் வாயால நல்லா இருக்குன்னு சொன்ன பொருள, மறுபடி கெட்டுப்போச்சுன்னு சொன்னா நாளைக்கு எவன் வண்டிய விடுவான்? தொழில்னு ஒண்ணு இருக்குல்ல. இப்ப என்ன, வண்டி ஓடுதா இல்லையா?"

"வண்டி ஓடுது. எம்பொண்ணுதான் ஏற மாட்டேங்கறா."

எதிர்க் கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். பெரியப்பா குரலைத் தாழ்த்தினார். "இப்பப் பேசாத. கோவத்துல இருக்க. கொஞ்சம் ஆறட்டும், வீட்டுக்கு வரேன், உக்காந்து பேசலாம்."

"ராத்திரி பூரா ஆற வெச்சுப் பேசினதுதானே மாமா இவ்வளவும். நான் இப்பவே பேசறேன்" என்று உரக்கவே சொன்னாள். எதிர்க் கடைக்காரருக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். "பழச எங்க?"

பெரியப்பாவின் கண் அவரை மீறி மூலையிலிருந்த கழிவு டப்பாவுக்குப் போய்விட்டு வந்தது. அவள் போய், தேய்ந்த பிளக்குகளுக்கும் கிழிந்த பெல்ட்டுகளுக்கும் நடுவே கைவிட்டுக் கிளறி, வால் முளைத்த கட்டைவிரல் மாதிரி இருந்த அந்தச் சென்சாரை எடுத்தாள். துடைக்காமலே பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டு வாசலிலேயே கணவன் நின்றுகொண்டிருந்தான். மகள் பலூனும் கையுமாக உள்ளே தரையில் உட்கார்ந்து, பிறந்தநாள் வீட்டில் கொடுத்தனுப்பிய பையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லாம கொள்ளாம எங்க போன? ஃபோனும் எடுக்கல. குழந்தைய பஸ்ல கூட்டிட்டு வந்தேன் தெரியுமா?"

"மேம்பாலத்துல நின்னப்ப எதுல வந்தீங்க?" என்றாள் அவள்.

அவன் உள்ளே ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசு" என்றான்.

"ஏன் மெதுவாப் பேசணும்?"

"அண்ணன் சொல்ல வேண்டாம்னு சொன்னாரு. அவரு பேரு கெட்டுடும்னு. எனக்கென்ன உன் மேல விரோதமா? சரி பண்ணியாச்சுல்ல, இனிமே நிக்காதுல்ல, அத்தோட விடுவோம்னு பாத்தேன். நீயும் அதப் பத்திப் பேசறத விட்டுட்ட."

"நான் விடல. என் வாய அடச்சீங்க. அண்ணன் பேரு கெடக்கூடாது, சரி. எம்பேரு? ஊர்ல போறவன் வரவன்கிட்ட எல்லாம் வேண்டாம், இவகிட்ட, இந்த ஒரு ஜீவன்கிட்ட, அம்மா மேல தப்பில்லன்னு காதோட காதா சொல்லியிருக்கலாம்ல?"

"சின்னப் பொண்ணு. நாளைக்கே மறந்துடுவா."

அவள் அதற்குமேல் அவனோடு பேசவில்லை. பேசினால் கைக்குக் கிடைத்ததை எறிந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது. சமையலறைக்குப் போய்க் கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைத்தாள். சென்சாரின் தலைப் பக்கத்தை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, தண்ணீர் புகாதபடி ரப்பர் பேண்ட் சுற்றி இறுக்கினாள். வால் வெளியே தொங்கியது. ஒரு பெரிய டம்ளரையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பாப்பா, பலூன வெச்சுட்டு இங்க வா. அன்னைக்கு கேட்ல வண்டி நின்னுச்சுல்ல, அப்ப வண்டிக்குள்ள இருந்தது இதுதான்."

"இதுவா?" மகள் தவழ்ந்து வந்தாள். "குட்டியா இருக்கு."

"குட்டிதான். இதுக்குள்ள ஒரு கம்பி சுத்தியிருக்கு. அது முழுசா இருந்தா இங்க நம்பர் தெரியும். அந்து போயிருந்தா இந்த எடது ஓரத்துல தனியா ஒரு ஒண்ணு மட்டும் வரும். செவப்ப இங்க வை, கருப்ப இங்க வை. இரும்பத் தொடாத, மேல புடி. என்ன ஆனாலும் விடக்கூடாது."

மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் இரண்டு முனைகளையும் வைத்து அழுத்தினாள். ஐநூற்று அறுபத்து இரண்டு என்று வந்தது. மகள் உரக்கப் படித்தாள். கணவன் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "குழந்தைய வெச்சுக்கிட்டு என்ன இது" என்று மெல்ல ஆரம்பித்தான், யாரும் திரும்பிப் பார்க்காததால் நிறுத்தினான். அவள் டம்ளரில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, பை சுற்றிய தலையை மெதுவாக உள்ளே இறக்கினாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு எண் ஏற ஆரம்பித்தது. எழுபது, எண்பது, தொண்ணூற்று ஐந்து என்று மகள் விளையாட்டுப்போலச் சொல்லிக்கொண்டே வந்தாள். அறுநூற்றுப் பத்து. இதுவும் ஏமாற்றிவிட்டால்? தண்ணீரின் சூடு போதாமல் போய்விட்டால்? டம்ளரிலிருந்து எழுந்த ஆவி மகளின் நெற்றி முடியை நனைத்தது. அறுநூற்று இருபத்து எட்டு.

மகள் வாய் மூடிக்கொண்டது. மீட்டரில் இடது ஓரத்தில் ஒற்றை ஒன்று மட்டும் நின்றது.

"நான் விடலம்மா. கெட்டியாத்தான் புடிச்சிருக்கேன்."

"தெரியும். நீ விடல."

மகள் அந்த ஒன்றையே வெறித்துப் பார்த்தாள். அன்றைக்குக் கேட்ட மணிச் சத்தமும் ஹாரன்களும் அந்தச் சின்ன முகத்துக்குள் போய்வருவது வெளியே தெரிந்தது.

"அன்னைக்கு இப்படித்தான் ஆச்சா? நீ எதுவும் பண்ணலையா?"

"நான் எதுவும் பண்ணல."

"பெரியப்பா நல்லாருக்குன்னு சொன்னாரே?"

"ஆறினப்ப பாத்தாரு. அப்புறம் அப்பா ஓட்டும்போதும் நின்னுச்சு. அதனால மாத்திட்டாங்க."

"அப்பா ஓட்டும்போதுமா?" என்று மகள், அந்த ஒரு சொல் மட்டும் பிடிபடாதவளாகக் கேட்டாள். "அப்ப அப்பாவுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஆமாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதும். நாக்கு நுனியில் இருந்தது. அதோடு சேர்ந்து இன்னும் நூறு சொற்கள் நெருக்கிக்கொண்டு நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

"அங்கதான் நிக்கறாரு. கேளு."

கணவன் கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி கதவிலேயே வைத்தான். மகள் கேட்கவில்லை. சிவப்பையும் கருப்பையும் கொஞ்சம் கூட நழுவ விடாமல் அழுத்திப் பிடித்தபடி, தலையை மட்டும் நிமிர்த்தி, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.